வேர் குளிர்ந்தால் இலை கொட்டும்: டொராண்டோ வீட்டில் தொட்டி எலுமிச்சை

டொராண்டோ பக்கம் தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பவர்கள் ஜனவரி மாதத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கோடை முழுக்க பால்கனியில் தளதளவென்று நின்ற செடி வீட்டுக்குள் வந்ததும் ஏன் மொட்டையாகிறது? ஹீட்டர் ஓடுகிறது, தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறார்கள். அப்படியும் தினமும் காலையில் தரையில் பத்து இலை கிடக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று தொட்டியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளுகிறார்கள். காய்ந்துவிட்டது என்று இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டுமே நிலைமையை மோசமாக்கும்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை என்று இந்த இனம் முழுக்கவே வேருக்குச் சூடு கேட்கும். தொட்டி மண் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேர் வளர்வதை நிறுத்திவிடும். தண்ணீர் உறிஞ்சுவதும் வெகுவாகக் குறைந்துபோகும். இலைக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியே மைனஸ் 15 ஆக இருந்தாலும், பிப்ரவரி வெயில் கண்ணாடி வழியே நேராக விழும்போது இலையின் சூடு அறைக் காற்றைவிடப் பல டிகிரி ஏறிவிடும். சூடேறிய இலை நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது, குளிர்ந்த வேரால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் தவிக்கிறது. கடைசியில் இலையை உதிர்த்துத் தப்பிக்கப் பார்க்கிறது.

உதிர்ந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எலுமிச்சை இலைக்குக் காம்பும் தகடும் சேருமிடத்தில் ஒரு மூட்டு உண்டு, காம்பும் கிளையும் சேருமிடத்தில் இன்னொன்று. வயதாகி இயல்பாக உதிர்கிற இலை மஞ்சளாகி, காம்போடு விழும். இந்தக் குளிர்காலக் கொட்டலில் பச்சை மாறாத தகடு மட்டும் கழன்று விழுந்திருக்கும், காம்புகள் கிளையிலேயே முள் முள்ளாக நிற்கும். அதைக் கண்டால் உரப் பாக்கெட்டைத் தேடாதீர்கள். வேரைத்தான் கவனிக்க வேண்டும்.

அறையில் 21 டிகிரி இருக்கிறதே, மண் எப்படி 13 ஆகும் என்று தோன்றலாம். தெர்மோஸ்டாட் சுவரில், நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. தொட்டியோ ஜன்னலடியில், ஓடு பதித்த தரையில் இருக்கிறது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தொட்டியைச் சுற்றித் தங்கும். இரவில் திரையை இழுத்து மூடினால் தொட்டி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது, அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஃப்ரிட்ஜ்தான். போதாததற்கு, ஹீட்டர் காற்று வறண்டது. ஈரமண்ணிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது மண்ணின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சுடுமண் தொட்டியாக இருந்தால் பக்கச்சுவர் வழியாகவும் ஆவியாகி இன்னும் குளிரும். நம்மூர் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். இறைச்சி வெந்ததா என்று பார்க்கிற குத்தூசித் தெர்மாமீட்டர் ஒன்று போதும். காலை 7 மணிக்கு மண்ணில் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, ஒரு நிமிடம் விட்டுப் படியுங்கள். 18க்கு மேல் இருந்தால் நல்லது. 15க்குக் கீழே என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

இரண்டு வழி, நடுவில் பள்ளம்

குளிர்காலத்தைக் கடத்த நம்பகமான வழிகள் இரண்டு. ஒன்று, வேர், இலை இரண்டையும் கதகதப்பாக வைத்து மரத்தை வேலை செய்ய விடுவது. மற்றது, இரண்டையும் குளிரில் வைத்துத் தூங்க விடுவது. இலை விழித்திருந்து வேர் மட்டும் தூங்குகிற நடு நிலையில்தான் மரங்கள் போகின்றன.

கதகதப்பு வழிக்கு முதல் வேலை, தொட்டியைத் தரையிலிருந்து தூக்குவது. சிறிய மரப்பலகை முக்காலியோ, 3 செ.மீ. கெட்டி ஃபோம் பலகையோ போதும். அதுவே சில டிகிரி ஏற்றிக் கொடுக்கும். போதவில்லையென்றால், நாற்று விடுவதற்கென்று விற்கிற ஹீட் மேட்டை அடியில் விரித்து, அதற்கான தெர்மோஸ்டாட்டை 22 டிகிரியில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே செருகி வைத்தால் மேட்டின் சூட்டை மண்ணின் சூடென்று நினைத்துச் சீக்கிரமே அணைந்துவிடும், மண் குளிர்ந்தே கிடக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை மட்டும் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அடிவேர் வெந்துபோக வாய்ப்புண்டு. தண்ணீர் வழிந்து மேட்டில் இறங்காதபடி விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று நடுவில் இருக்கட்டும். குளிர்காலத்துக்குப் பிளாஸ்டிக் தொட்டிதான் உசிதம். சுடுமண் தொட்டிதான் அழகு என்பவர்கள், பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் 21 அன்று டொராண்டோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, அதிலும் பாதி நாள் மேகமூட்டம். அறையைக் கதகதப்பாக வைத்துவிட்டு வெளிச்சம் கொடுக்காவிட்டால் மரம் சேமிப்பைத் தின்றுகொண்டு மெலிந்த, வெளிறிய துளிர்களாக விடும். எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு அவசியம் என்றே சொல்வேன். இலை மட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை எண்ணும் அலகு) வெளிச்சம் 14 மணி நேரம் கிடைத்தால், ஒரு நாளைக்கு 12 மோலுக்குச் சற்று மேலே வரும். காய்த்த மரத்தை இலையோடு காப்பாற்ற அது போதும். 60 செ.மீ. அகலமுள்ள மரத்தலைக்கு 40 வாட் தரமான விளக்கு இந்த அளவைக் கொடுக்கும். உறையில் ‘பிபிஎஃப்டி’ என்ற பெயரில் இந்த எண்ணைத் தூர வாரியாக அச்சிட்டிருப்பார்கள். ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று மட்டும் பாருங்கள். 40 வாட் 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 17 யூனிட் மின்சாரம். டைமர் மாட்டி, காலை 6 முதல் இரவு 8 வரை விட்டுவிடலாம்.

குளிர் வழிக்குக் கண்ணாடி அடைத்த முன்வராண்டாவோ, ஜன்னல் உள்ள கராஜோ வேண்டும். 4 முதல் 10 டிகிரிக்குள் நிற்க வேண்டும், உறைநிலைக்குப் போகவே கூடாது. மரம் அங்கே வளராது, இலையையும் விடாது. தண்ணீர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அளவாக. உரம் வேண்டாம். இந்த வழியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிப்ரவரி கடைசியில் பளிச்சென்று வெயிலடிக்கிற நாளில் கண்ணாடி வராண்டாவின் காற்று மதியத்துக்குள் 20 டிகிரியைத் தாண்டும், மண் 6 டிகிரியில் கிடக்கும். அன்றைக்கே இலை கொட்டத் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் மரத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தி, வராண்டாக் கதவைக் கொஞ்சம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சுக்கூடம் நடந்தது இந்த இரண்டாவது வழியில்தான். ஜூல் அர்துவன்-மான்சார் 1684 முதல் 1686 வரை கட்டிய கூடம் அது. தடித்த சுவர்கள், தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல்கள், உறைபனி நுழையாத குளிர். மரங்கள் பக்கப் பலகையைக் கழற்றக்கூடிய மரப்பெட்டிகளில் நிற்கும், வேரைப் பார்த்துச் சீர்செய்வதற்காகவே அந்த ஏற்பாடு. மே நடுவில் வெளியே வந்து அக்டோபரில் உள்ளே போகும். நம் டொராண்டோ காலண்டரும் கிட்டத்தட்ட அதேதான்.

தண்ணீர்

குளிர்காலத்தில் தொட்டி மரங்களை அதிகம் கொல்வது தண்ணீர்தான். குளிர்ந்த ஈரமண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் பூசணம் ஏறும். வாரத்துக்கு இத்தனை முறை என்று நாள் குறித்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான அளவுகோல். நன்றாக ஊற்றி வடிந்தபின் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள். காய்ந்தபின் மறுபடி தூக்குங்கள். 15 லிட்டர் தொட்டியில் வித்தியாசம் மூன்று நான்கு கிலோ இருக்கும், கை மறக்காது. தூக்க முடியாத பெரிய தொட்டியென்றால், மரக்குச்சி ஒன்றை அடிவரை செருகி அரைமணி நேரம் கழித்து உருவிப் பார்க்கலாம். குச்சியின் கீழ்ப்பாதி ஈரமாகவும் ஜில்லென்றும் இருந்தால் ஊற்றாதீர்கள். மேல்மண் வறண்டு தெரிவது எதையும் சொல்லாது.

ஊற்றும்போது சொட்டுச் சொட்டாக ஊற்றாமல், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அந்த வழிசல்தான் உப்பைக் கழுவி வெளியேற்றுகிறது. தண்ணீர் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஒண்டாரியோ ஏரியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் குளிர்காலத்தில் கையை மரக்கச் செய்யும். ஹீட் மேட் ஒரு ராத்திரி முழுக்கச் சேர்த்த சூட்டை இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பறித்துவிடும். முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்துவிடுங்கள்.

எந்த மரம்

கடையில் முதலில் மனதுக்கு வருவது நம்மூர் எலுமிச்சை, யாழ்ப்பாணத்தார் வாயில் தேசிக்காய். இங்கே கீ லைம் என்ற பெயரில் கிடைக்கும். மணம், புளிப்பு, மெல்லிய தோல் என்று ஊறுகாய்க்கு அதை அடிக்க வேறொன்றில்லை. ஆனால் இந்த இனத்திலேயே குளிரை அதிகம் பொறுக்காதவற்றில் அதுவும் ஒன்று. லேசான உறைபனியே இலையைக் கருக்கிவிடும், குளிர் வழிக்கு அது ஆகவே ஆகாது. விளக்கும் ஹீட் மேட்டும் இருக்கிறவர்கள் வைக்கலாம். மளிகைக் கடையில் கிடைக்கிற பெரிய, விதையில்லாத பச்சைக் காய் பெர்சியன் லைம். குளிரை ஒரு மாற்றுக் கூடுதலாகத் தாங்கும், முள்ளும் குறைவு.

முதல் மரம் வாங்குகிறவர்களுக்கு நான் மேயர் லெமனைத்தான் சொல்வேன். அமெரிக்க வேளாண் துறைக்காகச் செடிகள் தேடிப் போன ஃபிராங்க் மேயர் 1908ல் பீக்கிங் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. சீனாவிலும் அதைத் தொட்டியில்தான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய வகை, எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் ட்ரிஸ்டேசா வைரஸை வெளியே தெரியாமல் சுமந்ததால், வைரஸ் நீக்கிய ‘இம்ப்ரூவ்டு மேயர்’ 1975ல் வந்தது. இப்போது விற்பனையில் இருப்பது அதுதான். எலுமிச்சையும் ஆரஞ்சு இனமும் கலந்த பிறப்பு என்பதால் புளிப்பு கொஞ்சம் மட்டு, எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரு பழம் கூடுதலாகப் பிழிய வேண்டியிருக்கும். இரண்டு வழிக்கும் பழகும், இடுப்பு உயரத்திலேயே காய்க்கும். கலமான்சி எனப்படும் கலமண்டினும் வீட்டுக்குள் நன்றாக நிற்கிற மரம். சிறிய ஆரஞ்சுப் பழம், நல்ல புளிப்பு, ரசத்துக்கும் சர்பத்துக்கும் ஆகும். கும்குவாட் குளிரைப் பிரமாதமாகத் தாங்கும், ஆனால் கோடை வெயில் நீண்டு கிடைத்தால்தான் பூக்கும். வீட்டுக்குள் வளர்க்கிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

கீ லைம் விதை போட்டு வளர்க்கலாம். அதன் ஒரு விதையிலிருந்தே பல முளை வரும், பெரும்பாலானவை தாய் மரத்தைப் போலவே இருக்கும். ஆனால் காய்க்க நான்கைந்து வருடமாவது ஆகும், அதற்குள் முள்ளும் உயரமுமாக ஜன்னலை அடைத்துக்கொள்ளும். ஒட்டுச்செடியாக வாங்கினால் அடுத்த வருடமே பூப் பார்க்கலாம். வாங்கும்போது தண்டில் ஒட்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து வையுங்கள். வேர்ச்செடி பெரும்பாலும் மூவிலை ஆரஞ்சு, பனியைத் தாங்கும் முரட்டு இனம். ஒட்டுக்குக் கீழேயிருந்து மூன்று மூன்று இலையாகக் கிளை வந்தால் அது வேர்ச்செடியின் போத்து. விட்டுவைத்தால் இரண்டே வருடத்தில் மேலே உள்ள எலுமிச்சையை நசுக்கிவிடும். கத்தரிக்காமல், இளசாக இருக்கும்போதே அடியோடு பிய்த்தெடுங்கள், மறுபடி துளிர்ப்பது குறையும்.

மண்கலவையும் தொட்டியும்

பை பையாக விற்கிற தொட்டி மண்ணில் பெரும்பங்கு பீட் மாஸ், அதாவது சதுப்புநிலத்தில் மட்கிய பாசி. முதல் வருடம் நன்றாக இருக்கும், பிறகு மட்கிப் பொடியாகி, கெட்டிப்பட்டுப் போகும். தொட்டியின் அடியில் எப்போதுமே சொதசொதவென்று ஒரு ஈர அடுக்கு தங்கும். துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு உயரத்துக்கு அது நிற்கும். அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்பது தவறு. அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பெரிய துகள்தான் தீர்வு.

நான் சொல்கிற கலவை: பைன் மரப்பட்டைத் துண்டு 5 பங்கு, பீட் மாஸ் 1 பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) 1 பங்கு, எடையில் அல்ல, கொள்ளளவில். பட்டை 3 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தோட்டத்தில் மேலே பரப்ப விற்கும் பெரிய சிம்புகள் ஆகாது, சாயம் போட்டவை வேண்டவே வேண்டாம். 15 லிட்டர் தொட்டிக்குப் பட்டை 11 லிட்டர், மற்றவை இரண்டிரண்டு லிட்டருக்குச் சற்று மேல். பட்டையை முந்தின நாளே ஊறவையுங்கள். காய்ந்த பட்டை தண்ணீரை ஒட்டாமல் விரட்டும். பட்டை கிடைக்காவிட்டால் பை மண் 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, ஆர்க்கிட் பட்டையில் மிகச் சிறியது 1 பங்கு. தென்னை நார்த்தூள் போடுவதென்றால் இரண்டு முறை நன்றாகக் கழுவி உப்பை வெளியேற்றிய பிறகே போடுங்கள். எலுமிச்சை உப்பைப் பொறுக்காது.

தொட்டி பெரிதாக இருந்தால் மரம் பெரிதாகும் என்று மூன்று அடி மரத்தை அண்டாவில் நடுகிறார்கள். வேர் எட்டாத மண் காயாது, காயாத மண் குளிர்ந்து புளிக்கும். வேர்ப்பந்தைவிட 5 செ.மீ. அகலம் கூட்டினால் போதும். நடும்போது தண்டிலிருந்து முதல் வேர் பிரியும் இடம் மண் மட்டத்திலேயே தெரிய வேண்டும், ஒட்டு மண்ணுக்கு மேல் ஒரு சாண் இருக்கட்டும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் புதுத் துளிர் வருமுன், மரத்தை வெளியே எடுத்து வேர்ப்பந்தின் சுற்றிலும் அடியிலும் இரண்டு மூன்று செ.மீ. சீவிவிட்டு, புதுக்கலவையோடு அதே தொட்டியில் வைக்கலாம். மேலே கிளையிலும் நான்கில் ஒரு பங்கு குறையுங்கள். பிறகு ஒரு வாரம் வெயில் படாமல் வையுங்கள்.

உரமும், இலை காட்டுகிற குறிகளும்

எலுமிச்சை தழைச்சத்து தின்னி. தழை, மணி, சாம்பல் சத்து 3:1:2 என்ற விகிதத்தில் உள்ள கரையும் உரம் பொருத்தம். பையில் 24-8-16 என்று இருக்கும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை 4 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன், ஒன்றுவிட்டு ஒருமுறை தண்ணீர் ஊற்றும்போதெல்லாம். லிட்டருக்கு சுமார் 140 மில்லிகிராம் தழைச்சத்து என்று கணக்கு வரும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் கலந்திருக்கிறதா என்று உறையின் பின்பக்கம் பாருங்கள். பட்டைக் கலவையில் மண்ணே இல்லாததால் நுண்ணூட்டம் வேறெங்கிருந்தும் வராது. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள். குளிர்காலத்தில் விளக்கின் கீழ் துளிர்விடுகிற மரத்துக்குப் பாதி அளவு. தூங்குகிற மரத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் எல்லாம் ஊரில் தரையில் நிற்கிற மரத்துக்குச் சரி. இங்கே மூடிய வீட்டுக்குள் தொட்டியில் போட்டால் பூசணமும், முகத்தைச் சுற்றிப் பறக்கிற பொடிக் கருப்பு ஈக்களும்தான் மிச்சம்.

மஞ்சளாகிற இலை எதுவென்று பார்த்தால் பாதி நோய் புரிந்துவிடும். அடியில் உள்ள பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை, தலைகீழ் ‘V’ வடிவில் நின்று, மற்ற இடம் மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து ஊற்றலாம். புதுக்கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் வலைபோல் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. கொழுந்து இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கிடையே திட்டுத் திட்டாக மஞ்சள் என்றால் துத்தநாகம்.

இரும்புக் குறைவு டொராண்டோவில் சகஜம், தண்ணீர் ஓரளவு கடினமானது. ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறி இரும்பைப் பூட்டிவிடும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிற சேர்மங்களோடு விற்பார்கள். அதில் ஈ.டி.டி.ஏ. வகை இரும்பு, மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) ஆறரைக்கு மேல் போனால் நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் காரமண்ணிலும் வேலை செய்யும். விலை கூடுதல்தான், பாக்கெட்டில் அளவைப் பார்த்துக் கொஞ்சமாகப் போட்டால் வருடக்கணக்கில் வரும். ஆனால் இதே வெளிறல் ஜனவரியில் வந்தால் முதலில் மண்ணின் சூட்டை அளந்து பாருங்கள். குளிர்ந்த வேர் இரும்பை எடுக்காது. மண் சூடானால் அடுத்த கொழுந்து தானாகவே பச்சையாக வரும்.

உள்ளே கொண்டுவருமுன்

இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்குகிற செப்டம்பர் கடைசி வாரம்தான் உள்ளே எடுக்க வேண்டிய நேரம். முதல் உறைபனி அக்டோபரில்தானே என்று காத்திருந்தால் வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியிருக்கும். ஈரமான இலையுதிர்காலக் காற்றிலிருந்து வறண்ட சூட்டுக்குள் ஒரே நாளில் தாவினால் மரம் தாங்காது. அதற்கு முன் இரண்டு வாரம் நிழலில் நிறுத்தி, குறைந்த வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் பூச்சியையும் ஒழித்துவிட வேண்டும். வெளியே பொறிவண்டும் மழையும் கட்டுப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் வீட்டுக்குள் தடையின்றிப் பெருகும். குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். காய்ந்தபின் பூச்சிகொல்லிச் சோப்புக் கரைசலை இலையின் இரண்டு பக்கமும் வழிய வழியத் தெளியுங்கள், ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டைகள் முதல் இரண்டு தெளிப்பில் தப்பிவிடும் என்பதால்தான் மூன்றாவது. பாத்திரம் கழுவும் திரவத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், இலையின் மெழுகுப்பூச்சை அரித்துவிடும். வெயிலில் தெளித்தால் எந்தச் சோப்பும் கருக்கும், மாலையில் செய்யுங்கள்.

மூன்று பூச்சிகள் முக்கியம். செதில் பூச்சி இலையின் நடுநரம்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் மிளகைத் தட்டையாக்கி ஒட்டியதுபோல் அசையாமல் இருக்கும். கண்ணில் படுமுன் தரையில் பிசுபிசுப்பு தெரியும், இலைமேல் கரும்பூசணம் படரும். நகத்தால் நெம்பியெடுத்து, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கும் அதே பஞ்சு, கிளை பிரியும் கவட்டில் தேடுங்கள். சிலந்திப்பேன் வறண்ட காற்றில் பெருகுவது. இலை பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடிப் புள்ளியாகும். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால் தாளில் புள்ளிகள் நகரும். வாரம் ஒருமுறை குளியலறை ஷவரில் இலையைக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள், இரண்டும் ஒரே குடும்பம், செதில் பூச்சி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்.

கோடையில் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று இருந்து, தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வீசினால், அது ஜயன்ட் ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியின் புழு. தெற்கு ஒண்டாரியோவில் இயல்பாக வாழ்வது. ஊரில் எலுமிச்சைக் கன்றை மொட்டையடிக்கிற எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் சொந்தக்காரி. பெரிய மரமென்றால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். சின்னக் கன்றில் மூன்று புழு இருந்தால் ஒரு வாரத்தில் இலையே மிஞ்சாது, பொறுக்கி எடுக்கத்தான் வேண்டும்.

மே மாதம்

விக்டோரியா தினத்தை ஒட்டி, இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைத்தபின் வெளியே எடுங்கள். மேகமூட்டமான நாளாகப் பார்த்து எடுத்தால் நல்லது. வீட்டுக்குள் வளர்ந்த இலை நேர்வெயிலைக் கண்டதில்லை. ஒரே மதியத்தில் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும், அந்தத் திட்டு ஆறாது. முதல் நான்கு நாள் வடக்குச் சுவரோரம், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், தினமும் அரைமணி கூட்டிக்கொண்டே போய் இரண்டு வாரத்தில் முழு வெயில். காற்றடிக்கிற உயரமான பால்கனியில் தொட்டியைக் கம்பியோடு கட்டிவையுங்கள். ஜூலையில் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கம் கையால் தொட முடியாத அளவு சுடும். வெளிர்நிறத் துணி சுற்றினால் வேர் பிழைக்கும்.

பூவும் காயும்

வீட்டுக்குள் பிப்ரவரியில் பூத்தால் தேனீ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எலுமிச்சைக்குத் தன் மகரந்தமே போதும். மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிட்டால் கூடுதலாகப் பிடிக்கும். பூத்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் பழமாகும். கடுகளவு, பட்டாணியளவுப் பிஞ்சுகள் கொட்டுவது இயல்பு, மரம் தன் சக்திக்கேற்பக் கழிக்கிறது. கோலிக்குண்டு அளவு தாண்டிய காய் விழுந்தால்தான் தண்ணீரில் கோளாறு. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கும், அதனாலும் பூ கொட்டும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதால் பெரிய பலன் இல்லை, சிறிய ஹியுமிடிஃபையர் வைத்து 40 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம்.

இலையைக் காப்பாற்றுவதற்கு இத்தனை பாடு படுவதற்கும் காயோடு தொடர்பு உண்டு. எலுமிச்சை இலையுதிர் மரமல்ல. அடுத்த பூவுக்கும் காய்க்கும் வேண்டிய சேமிப்பில் நல்ல பங்கை இலையிலேயே வைத்திருக்கும். ஜனவரியில் மொட்டையான மரம் மார்ச்சில் துளிர்த்துவிடும், ஆனால் அந்த வருடக் காய் போயிற்று. மொட்டையான மரத்துக்கு இலை இருந்தபோது ஊற்றிய அளவு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். குடிக்க இலை இல்லை, மண் வாரக்கணக்கில் காயாது. விளக்கு, 22 டிகிரி மண், குச்சி காய்ந்தபின் மட்டும் தண்ணீர் என்று வைத்திருங்கள். கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வெட்ட வேண்டாம்.

லைம் பூவிலிருந்து பழமாக ஐந்தாறு மாதம், மேயருக்கு எட்டு மாதம்வரை ஆகும். பறித்துவைத்துப் பழுக்கவைக்கிற கனி அல்ல இது. பறித்த நாளோடு அதன் சாறும் இனிப்பும் நின்றுவிடும். நிறம் வருவது இரவுக் குளிரால், அதனால் கதகதப்பான அறையில் முற்றிய மேயர் பச்சையாகவே இருக்கலாம். ஊரில் ஆரஞ்சு பச்சைத் தோலோடு இனிப்பதும் இதனால்தான். கீ லைம் தோல் வழவழப்பாகி, அடர்பச்சை இளம்பச்சையாகத் தெளிந்து, விரலால் அழுத்தினால் சற்றே கொடுத்தால் சாறு நிறைந்துவிட்டது. மேயர் முழு மஞ்சளானபின் மரத்திலேயே சில வாரம் நிற்கும், வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம். பிடித்து இழுத்தால் காம்படித் தோல் பிய்ந்து பழம் சீக்கிரம் கெடும். கத்தரியால் பழத்தை ஒட்டி, காம்புப் பொட்டு பழத்திலேயே நிற்கும்படி வெட்டுங்கள்.